சொல்யூஷன் காயும் வரை: மீன்தொட்டிக் குழாய் பற்றி வாசகர் கேள்விகள்

தொட்டிக்கு அடியில் சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டி மேலே திருப்பி ஏற்றும் இரண்டாவது தொட்டி, வைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். எந்த மோட்டார், எத்தனை அங்குலக் குழாய் என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழாயை ஒட்டும் பசையை, அதாவது சொல்யூஷனைப் பற்றித்தான். "மீனுக்கு ஒன்றும் ஆகாதே?" என்ற கவலை எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்தக் கவலை நல்லது. முப்பது வருடம் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவன் நான். மீன் வளர்ப்பு அதற்கு நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கத்திலும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கே: நான்கு அடித் தொட்டிக்குப் பிவிசி குழாய் போடுகிறேன். வீட்டுக் குழாய்க்குப் போடும் அதே சொல்யூஷனைப் போடலாமா? டப்பாவில் தீப்பிழம்புப் படமும் எச்சரிக்கைகளும் இருப்பதைப் பார்த்தால் கை வரவில்லை. சொல்யூஷனுக்கு முன்னால் தடவும் பிரைமரும் வேண்டுமா?

ப: போடலாம். குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என்எஸ்எஃப் 61 என்ற குறி இருந்தால் அது குடிநீருக்கான தரச்சான்று. உங்கள் குழாய் பிவிசியா, சிபிவிசியா (சுடுநீருக்கு வரும் வகை) என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல்யூஷன் உண்டு.

பசை என்று நாம் சொன்னாலும் அது செய்வது ஒட்டும் வேலை இல்லை, கரைக்கும் வேலை. டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் மாதிரியான கரைப்பான்களில் கொஞ்சம் பிவிசியையே கரைத்து வைத்திருக்கிறார்கள். தடவியதும் குழாயின் மேல்தோலும், எல்போ என்ற வளைவுத் துண்டின் உள்தோலும் இளகும். இளகிய இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போகப் போக அந்த இடம் மறுபடி கெட்டிப்படும். முழுக்கக் காய்ந்த இணைப்பில் மிஞ்சுவது பிவிசிதான். குழாய் எதுவோ அதேதான். அதனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. போகாமல் உள்ளே தங்கிவிட்ட கரைப்பான்தான் தண்ணீரில் இறங்கித் தொந்தரவு செய்யும்.

மூக்கை நம்பாதீர்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் 66 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள், சீக்கிரம் பறந்துவிடும். சைக்ளோஹெக்சனோன் கொதிக்கச் சுமார் 155 டிகிரி வேண்டும். அது நிதானமாகத்தான் போகும். முகத்தில் அறையும் வாசனை அடங்கியதும் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். மெதுவானது அப்போதும் உள்ளே இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு, இணைப்பு தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்கானது. மீனுக்கான கணக்கு வேறு. நான் இரண்டு முனையையும் திறந்து வைத்து, காற்றோட்டத்தில், குறைந்தது 24 மணி நேரம் விடுகிறேன். குளிரோ ஈரப்பதமோ அதிகம் என்றால், அல்லது குழாய் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் என்றால், 48 மணி நேரம்.

முனைகளைத் திறந்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை, ஒட்டியபின் இரு பக்கமும் மூடி போட்டு மூன்று வாரம் கிடந்த ஒரு எல்போவை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு அவ்வளவு சுத்தம். உள்ளே வளைவின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சொல்யூஷன் தேங்கி, மேலே ஆடை கட்டியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. அந்த ஆடை கிழிந்ததும் நேற்றுத்தான் டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை அடித்தது. மூன்று வாரம்! தேங்கிய இடத்தில் குழாயின் சுவரும் மெத்தென்று ஆகியிருந்தது.

அது தேங்கியதற்குக் காரணம், எல்போவின் உள்பக்கம் தாராளமாகத் தடவியது. குழாயைத் தள்ளும்போது அது எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு உள்ளே போய்க் கொட்டிவிடும். குழாயின் வெளிப்பக்கம் நிறைவாகத் தடவுங்கள், எல்போவின் உள்பக்கம் மெல்லிசாகத் தடவுங்கள். மிஞ்சுவது அப்போது வெளியேதான் பிதுங்கும். அதைத் துணியால் வழித்துவிடலாம்.

அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியவை: குழாயை நேராக அறுத்து, உள்ளும் வெளியும் பிசிறை உப்புத்தாளால் எடுத்து, துடைத்து, சொல்யூஷன் இல்லாமலே எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஒட்டாமல் பொருத்தும்போது குழாய் முழு ஆழத்துக்குப் போகாது, பாதிவழியில் இறுகி நிற்கும். அப்படி நின்றால்தான் நல்ல பொருத்தம். எல்போவின் ஆழத்தை அளந்து குழாயில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தடவியதும் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே அந்தக் கோடு வரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். விட்டால் குழாய் தானாகப் பின்னுக்கு வரும். நிறைய இணைப்புகள் அங்கேதான் கெடுகின்றன.

முதலில் பிரைமர் போட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டப்பா போடச் சொன்னால் போடுங்கள், நிறமில்லாததாக வாங்குங்கள். ஊதா நிறப் பிரைமரின் கறை போகவே போகாது. போட்டிருக்கிறதா என்று பார்த்ததும் தெரிவதற்காகச் சேர்க்கும் சாயம் அது.

கே: அண்ணா, 24 மணி நேரம் எப்படிக் காத்திருப்பது? தொட்டியில் மீன் இருக்கிறது. ஃபில்டர் அவ்வளவு நேரம் நின்றால் அதுவே ஆபத்து இல்லையா?

ப: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த அவசரத்தில்தான் நானும் ஒருமுறை தப்புச் செய்தேன். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் எல்போ ஒரு மாலையில் விரிசல் விட்டுவிட்டது. தொட்டிக்கு மேலேயே வைத்து அறுத்து, புதிய எல்போவை அங்கேயே ஒட்டி, ஒன்றரை மணி நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டேன். ஃபில்டர் நிற்கக் கூடாது என்ற ஒரே நினைப்பு. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோது என் ஏஞ்சல் மீன்கள் நான்கும் மேல்பரப்பில் வாயை வைத்து நின்றன. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், தண்ணீரின் மேல் நிறம் மாறும் ஒரு படலம். நள்ளிரவு வரை தண்ணீர் மாற்றினேன். நான்கும் பிழைத்தன. ஆனால் ஒரு வாரம் துடுப்பை ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: தண்ணீர் ஓடும் தொட்டியில் எதையும் ஒட்டுவதில்லை. மாற்ற வேண்டிய பகுதியை அளந்து, அதே மாதிரி ஒரு துண்டை மேசையில் வைத்து ஒட்டிக் காயவைக்கிறேன். காய்ந்ததும் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, சிறிய மோட்டாரால் அந்தத் துண்டு வழியாக ஒரு நாள் ஓட்டுகிறேன். கழுவியும் ஆகும், எங்கே கசிகிறது என்றும் தெரியும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை பத்து நிமிடம்.

இப்படிக் கழற்றி மாட்ட வேண்டுமானால் முதல்முறை போடும்போதே யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, வைத்திருக்க வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒன்று, தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, வால்வின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முதலில் வீண் செலவாகத் தோன்றும். இரண்டாவது வருடம் மோட்டாரைக் கழற்றிக் கழுவும்போது அருமை தெரியும். யூனியனில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போகும்.

இப்போது யூனியன் இல்லை, அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஃபில்டரின் உள்ளே இருக்கும் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளியில் போட்டு, காற்றைக் குமிழியாக விடும் ஏர் ஸ்டோன் ஒன்றை ஓடவிடுங்கள். அவற்றில் வாழும் பாக்டீரியாவுக்கு ஈரமும் ஆக்சிஜனும் போதும், ஒரு நாள் தாங்கும். தண்ணீர் ஓடாத ஃபில்டர் டப்பாவுக்குள்ளேயே மூடி வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோய்ச் சாகத் தொடங்கும். தொட்டியில் ஏர் பம்பில் ஓடும் ஒரு பஞ்சு ஃபில்டரை வையுங்கள். அன்று தீனி போட வேண்டாம்.

உங்கள் தொட்டியில் ஏற்கனவே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கின்றன என்றால், முதலில் புதிதாக ஒட்டிய குழாயில் தண்ணீர் ஓடுவதை நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள். மேல்படலத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் படியவைத்து எடுத்தால் படலம் அதோடு வந்துவிடும். பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், கரைப்பான்களைப் பிடித்துக்கொள்ளும். பழைய கார்பன் உதவாது.

கே: எல்போவில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. சுற்றிலும் சிலிகான் பூசினேன். இரண்டு நாளில் மறுபடி கசிகிறது. இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசட்டுமா?

ப: வேண்டாம். பூசிய சிலிகானின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். மோதிரம் கழற்றுவது போல முழுசாக உரிந்து வரும். அதன் உள்பக்கம் குழாயில் அச்சடித்திருக்கும் எழுத்துகள் கூடப் பதிந்திருக்கும், ஆனால் ஒரு துளி கூடப் பிடித்திருக்காது. சிலிகான் கண்ணாடியை விடவே விடாது. பிவிசியில் சரியாகப் பிடிக்காது. பாலிஎத்திலீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் இன்னும் மோசம். அக்ரிலிக்கில் பிடித்த மாதிரி இருந்து பின்னால் விடும். காய்ந்த சிலிகான் மேல் புதிய சிலிகானும் பிடிக்காது, அதனால் மேலும் மேலும் பூசிப் பயனில்லை. வெளியிலிருந்து சொல்யூஷனை ஊற்றிக் கசிவை அடைப்பதும் நிற்காது.

கசியும் எல்போவை அறுத்துவிட்டுப் புதியது போடுங்கள். வேறு வழி சொல்ல எனக்கும் ஆசைதான்.

ஆனால் அந்த எல்போ எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். சம்பிலிருந்து தொட்டிக்கு ஒன்றரை மீட்டர் ஏற்றினால் 0.15 பார்தான். குடிநீர்க் குழாய்கள் பல பார் தாங்கும்படி செய்தவை. அதனால் மீன்தொட்டியில் எல்லா இணைப்பையும் ஒட்ட வேண்டியதில்லை. சம்புக்குள்ளேயே முடியும் வடிகுழாயின் கடைசித் துண்டு, தொட்டிக்குள் தண்ணீரில் மூழ்கியிருக்கும் எல்போ, இவற்றைச் சும்மா இறுக்கிச் சொருகினாலே போதும். கசிந்தாலும் தண்ணீர் தொட்டிக்குள்தானே விழும்? கசிந்தால் தரை நனையும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். புதிதாக அமைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான்: தாளில் படம் வரைந்து, ஒட்டத் தேவையில்லாத இணைப்புகளை எல்லாம் வட்டம் போடுங்கள். எத்தனை வட்டம் விழுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மரை உள்ள இணைப்பில் சொல்யூஷன் போடவே கூடாது. டெஃப்ளான் டேப், மரை ஏறும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று. கையால் முடிந்தவரை இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் ஒரு சுற்று. பிளாஸ்டிக் மரையில் பலத்தைக் காட்டினால் வெளிப்பக்கத் துண்டு மெல்லிசாக விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

கே: சிலிகான் டியூப் வாங்கப் போனால் பல வகை இருக்கிறது. ஒன்றில் பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருக்கிறது. தொட்டி ஈரமாகவே இருக்கும், அதுதானே நல்லது?

ப: அதை மட்டும் வாங்காதீர்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருக்கிறார்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் செய்தது அது. பூஞ்சையைக் கொல்ல மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் மருந்து, மீன் இருக்கும் தண்ணீருக்கு ஆகாது.

மீன்தொட்டிக்கு என்றே எழுதியிருக்கும் டியூபை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 100 சதவீதம் சிலிகான், பூஞ்சைக்கொல்லி இல்லாதது, கண்ணாடிக்கு ஏற்றது என்ற மூன்றும் இருக்க வேண்டும். காயும்போது வினிகர் வாசனை வருகிறது என்று பயப்பட வேண்டாம். அசிட்டாக்சி வகைச் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், கண்ணாடித் தொட்டி ஒட்டப் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாசனை இல்லாத நியூட்ரல் வகை வேறு பொருள்களை வெளிவிட்டுக் காய்கிறது. மீன்தொட்டிக்கு ஏற்றது என்று தயாரித்தவர்களே எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

அமிலம் முழுக்கப் போகும் முன் தண்ணீர் விட்டால் பிஎச் இறங்கும், அதிலும் தண்ணீர் உப்புகள் குறைந்த மென்னீராக இருந்தால் சட்டென்று இறங்கும். சிலிகான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கிக் காய்கிறது, ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர். தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டாத நிலை அரை மணி நேரத்தில் வந்துவிடும், அது மேல்தோல்தான். மெல்லிய கோட்டுக்கு 48 மணி நேரம், தொட்டியின் மூலை மாதிரிக் கனமான இடத்துக்கு ஒரு வாரம் விடுங்கள். பழைய சிலிகான் இருந்தால் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகே புதியது.

கே: தொட்டியில் துளை போட்டு, குழாயைச் சேர்க்கும் டேங்க் கனெக்டர் மாட்டினேன். வாஷரின் இரண்டு பக்கமும் நிறையச் சிலிகான் வைத்து, முழு பலத்தோடு இறுக்கினேன். அப்படியும் கசிகிறது.

ப: கசிவுக்கு நீங்கள் வைத்த சிலிகானே காரணமாக இருக்கலாம். ஈரமான சிலிகான் வாஷரை வழுக்கவைக்கும். இறுக்க இறுக்க வாஷர் ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். தண்ணீரை இறக்கி, கழற்றி, எல்லாவற்றையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள். அகலமான தலை உள்ள பக்கம்தான் இருக்க வேண்டும், அதாவது தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில். நட் உள்ள பக்கம் போட்டால் தண்ணீர் மரை வழியே சுற்றி வந்து கசியும்.

துளையின் ஓரத்தில் கண்ணாடி சில்லுப் பெயர்ந்திருந்தால் அது வாஷர் மூடும் அகலத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாக இருந்தால் வெறும் வாஷரை வைத்துக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று. அவ்வளவுதான். சில கனெக்டர்களில் நட் எதிர்த்திசையில் சுற்றும். இறுகவில்லையே என்று கண்ணாடியை உடைத்துவிடாதீர்கள்.

கே: இரண்டு வாரம் முன்பு குழாய் மாற்றினேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இறால்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, நத்தைகளும் ஓட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. சொல்யூஷன் விஷம்தானே இது? புதிதாகப் போட்டது குழாய், இரண்டு எல்போ, ஒரு பித்தளை வால்வ் மட்டுமே.

ப: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் பதில் இருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. மீன் தாங்கும் அளவுச் செம்பை இறாலும் நத்தையும் தாங்காது. மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போடும்போது இறாலை வேறு தொட்டிக்கு மாற்றச் சொல்வது இதனால்தான். சொல்யூஷன் தொந்தரவு என்றால் முதல் ஓரிரு நாளில் மீன்களிடமே தெரிந்திருக்கும். மீன் நன்றாக இருந்து, முதுகெலும்பில்லாதவை மட்டும், அதுவும் நாள்கணக்கில் மெல்லச் சாவது பெரும்பாலும் உலோகத்தின் வேலை. உங்கள் தண்ணீர் மென்னீராகவோ சற்று அமிலமாகவோ இருந்தால் செம்பு இன்னும் வேகமாக இறங்கும்.

இன்றைக்கே அந்த வால்வைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் பால் வால்வ் (உள்ளே பந்து திரும்பும் வகை) போடுங்கள். செம்பு பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள், தண்ணீரைச் சில நாள் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கால்வனைஸ் செய்த நிப்பிள், கிளாம்ப் எதுவும் தண்ணீரைத் தொடும்படி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதில் துத்தநாகம் இருக்கிறது. மிச்சமிருக்கும் இறால்களை முடிந்தால் இன்றிரவே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள், ஆனால் மெதுவாகப் பழக்கி.

புதிய வால்வை ஒட்டும்போது ஒன்று: வால்வில் குழாய் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து ஒட்டினால் சொல்யூஷன் வால்வுக்குள் வழியாது. வழிந்தால் உள்ளே இருக்கும் பந்து ஒட்டிக்கொண்டு வால்வ் திரும்பவே திரும்பாது.

கே: தொட்டி அலமாரிக்குள் தலையை விட்டு இரண்டு இணைப்பு ஒட்டினேன். தலைசுற்றல் வந்துவிட்டது. எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ப: உங்கள் உடம்பில் குறை இல்லை. அலமாரிக்குள் வைத்து ஒட்டியதுதான் தவறு. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி அடைந்த இடத்தில் தேங்கும். தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரி அதற்கென்றே செய்த பெட்டி மாதிரி. அதற்குள் தலையை விட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள், சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ஆவி தீயும் பிடிக்கும். டெட்ராஹைட்ரோஃபியூரான் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கிவிடும். அலமாரிக்குள் பிளக்குகள், சுவிட்சுகள், ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் இருக்கும். ஒட்டும் வேலையைத் திறந்த ஜன்னல் பக்கமோ வெளியிலோ வையுங்கள். உள்ளேயே வைத்து ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கதவுகளைத் திறந்து, காற்று வெளியே போக வழி செய்து, மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டு, ஒரு இணைப்பு ஒட்டியதும் எழுந்து வெளியே போய்விடுங்கள். கையுறை போடுங்கள். ஆனால் சாதாரண நைட்ரைல் கையுறை இந்தக் கரைப்பான்களை ரொம்ப நேரம் தடுக்காது. மேலே பட்டால் கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று, ஏர் பம்ப். அது எங்கே இருக்கிறதோ அங்குள்ள காற்றைத்தான் இழுத்துத் தொட்டிக்குள் குமிழியாக விடுகிறது. அலமாரிக்குள் நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஏர் பம்ப் ஓடினால், நீங்கள் சுவாசித்த அதே ஆவியை மீனும் வாங்கிக்கொள்ளும். கடல்நீர்த் தொட்டியில் நுரையால் அழுக்கை எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் அப்படித்தான் காற்றை இழுக்கிறது. ஒட்டுவதற்கு முன் ஏர் பம்பை வேறு அறைக்கு மாற்றி, நீளமான டியூப் போட்டுவிடுங்கள்.

கே: தண்ணீரை இறக்காமல், தண்ணீருக்கு அடியிலேயே ஒட்ட ஏதாவது உண்டா?

ப: கல், பவளத் துண்டு, செடி இவற்றை ஒட்ட சயனோஅக்ரிலேட் ஜெல் நல்லது, ஈரம் பட்டதும் இறுகும். இரண்டு நிற மாவைப் பிசைந்து செய்யும் எப்பாக்ஸியும் தண்ணீருக்குள் இறுகும். கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள், பிசையாத பகுதி இறுகாமல் தண்ணீரில் கரையும். எப்பாக்ஸி போட்ட அன்று ஸ்கிம்மர் நுரை கக்கிப் பொங்கும், கோப்பையைக் கவனியுங்கள். குழாய் இணைப்புக்கு இவை இரண்டும் வேண்டாம். சயனோஅக்ரிலேட் இறுகியதும் உடையும் தன்மை கொண்டது, மோட்டாரின் அதிர்வில் ஒரு நாள் விட்டுவிடும்.

கே: பாதி டப்பா மீதி இருந்த சொல்யூஷன் கூழ் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் தின்னர் ஊற்றலாமா?

ப: கூடாது. கூழானது குழாயை இளக்கும் வலுவை இழந்துவிட்டது. குப்பையில் எப்படிப் போடுவது என்று உங்கள் இடத்து விதியைப் பாருங்கள், சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். அடுத்த முறை சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

கே: ஐயா, என் மகனுக்குப் பத்து வயது. தொட்டி அவனுடையது, பணமும் அவன் சேர்த்தது. குழாயை அவனே ஒட்ட வேண்டும் என்கிறான். விடலாமா?

ப: ஒட்டுவதை மட்டும் விடாதீர்கள். அந்த ஆவிக்குப் பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை நிற்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிடுங்கள். படம் வரையட்டும், அளக்கட்டும், பிசிறை உப்புத்தாளால் தேய்க்கட்டும், ஒட்டாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கட்டும், மார்க்கரால் கோடு போடட்டும். குழாயிலும் எல்போவிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுத்து, இணைப்புக்கு இணைப்பு எண் போட்டுவிட்டால், நீங்கள் வெளியே கொண்டுபோய் ஒட்டும்போது அவன் நினைத்த கோணத்திலேயே வந்து நிற்கும். ஒட்டி முடித்த நேரத்தை அவனே ஒரு தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டி வைக்கட்டும். அடுத்த நாள் அதே நேரம் வரை மோட்டார் பிளக்கை யாரும் தொடாமல் காவல் காப்பதும் அவன் வேலை.